அப்பாவும் காப்பித் தண்ணி மீட்டரும்

காப்பியை ஒரு வாய் குடிப்பார், டம்ளரைத் தள்ளி வைப்பார். "சப்புன்னு இருக்குட்டி. நாளைக்கு ஊருக்குக் கிளம்புதேன்." அப்பாவை ராதாபுரத்துக்கு எங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வந்ததுலேருந்து எனக்கு இதுதான் சுப்ரபாதம்.

ஊருன்னா ஆழ்வார்குறிச்சி. அம்மா போனதுக்கப்புறம் அங்கன தனியா இருந்தார். ஒருநாள் குளியலறையில தலைசுத்தி விழுந்துட்டார். பக்கத்து வீட்டுக்காரங்க கதவை உடைச்சுத்தான் தூக்கியிருக்காங்க. மறுபடி அவரை அங்க தனியா விட எனக்கு மனசும் இல்ல, தைரியமும் இல்ல. அவரோ, விழுந்ததைப் பத்தி ஒரு பேச்சுப் பேச மாட்டார், காப்பியைப் பத்தி மட்டும் பேசுவார்.

அவர் சொன்னதுலயும் தப்பு இல்ல. எங்க ஊர்ல ஓடுற கடனா நதித் தண்ணி குடிச்சு வளந்த நாக்கு அது. இங்கன குழாயில தண்ணி வந்தா உண்டு, இல்லாட்டி போர் தண்ணிதான். கொதிக்க வச்சா பாத்திரத்துல வெள்ளையாப் படியும். அதே பொடி, அதே பில்டர், ஆனா டிகாக்ஷன் செத்துக் கிடக்கும். கேன் தண்ணி வாங்கிப் போட்டுப் பாத்தேன். அதுக்குப் புளிப்பா இருக்குன்னார். நான் பள்ளிக்கூடத்துல வேதியியல் எடுக்கேன். இவ்வளவு படிச்சும் பெத்த அப்பனுக்கு ஒரு காப்பி போட வக்கில்லையான்னு எனக்கே ரோசம் வந்துட்டு. பேனா மாதிரி இருக்கிற பி.எச். மீட்டர் ஒண்ணு வாங்கினேன்.

தண்ணி புளிப்புப் பக்கமா, சுண்ணாம்புப் பக்கமான்னு காட்டுற கருவி அது. ஏழுன்னா நடு. கீழ போனா புளிப்பு, மேல போனா சுண்ணாம்பு. அதை மட்டும் வச்சு ருசியைச் சொல்லிட முடியாது, தண்ணியில கரைஞ்சிருக்க உப்புக்கும் பங்கு உண்டு. ஆனா எங்கயாவது ஆரம்பிக்கணும்லா. போர் தண்ணி எட்டைத் தாண்டிக் காட்டிச்சு. கேன் தண்ணியில எண் ஒரு இடத்துல நிக்காம ஆறைச் சுத்திச் சுத்தி வந்துச்சு. உப்பு கம்மியான தண்ணியில மீட்டர் அப்படித்தான் தடுமாறும். ரெண்டையும் கலந்து, கூட்டிக் குறைச்சு, ஏழும் கொஞ்சமுமா கொண்டு வந்து காப்பி போட்டேன். அப்பா முழு டம்ளரும் குடிச்சுட்டு, "பரவால்ல"ன்னார். அன்னைக்கு ஊர்ப் பேச்சே எடுக்கல. காத்துல கரண்டு எடுக்குற காத்தாலையில வேலைக்குக் கிளம்பிட்டு இருந்த என் வீட்டுக்காரர், "இன்னைக்குக் காத்து நம்ம பக்கம் அடிக்கி"ன்னு கண்ணடிச்சுட்டுப் போனார்.

அந்தக் காத்து ரொம்ப நாள் அடிக்கல. ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பாத்தா, பாத்திரக் கூடையில டம்ளரோட டம்ளரா மீட்டர் கவுந்து கிடக்கு. அப்பாவோட வேலை. மூடிக்குள்ள இருந்த உப்புக் கரைசலை அழுக்குத் தண்ணின்னு நினைச்சுக் கொட்டிட்டார். மீட்டரை நல்லாக் கழுவி, துண்டால அழுத்தித் துடைச்சு, ஜன்னல் வெயில்ல காய வச்சு, கவுத்தியும் வச்சிருக்கார். எங்க வீட்டுல எந்தப் பாத்திரத்தையும் ஈரத்தோட வைக்கிற வழக்கம் கிடையாது. இந்த ஒண்ணுதான் எப்பவும் ஈரமா இருக்கணும். நுனியில இருக்கிற கண்ணாடிக் குமிழ் காஞ்சா அது சொல்ற கணக்கை நம்ப முடியாது. ஏழு காட்ட வேண்டிய சோதனைக் கரைசல்ல வச்சுப் பாத்தேன். எட்டுங்கு, ஒன்பதுங்கு, எங்கயும் நிக்க மாட்டேங்கு.

எனக்கு மூக்கு மேல கோவம் வரும், அது ஊருக்கே தெரியும். "எதையும் தொடாம உங்களால சும்மா இருக்க முடியாதாப்பா?"ன்னு கத்திட்டேன். அப்பா பைய எந்திரிச்சுப் போய்ச் சட்டைகளை மடிச்சுப் பையில வைக்க ஆரம்பிச்சார். தினமும் கிளம்புதேன்னு சொல்ற மனுசன் அன்னைக்கு அதைச் சொல்லவே இல்ல.

மூடியில புதுசா உப்புக் கரைசல் ஊத்தி, குமிழை அதுல ஊற வச்சேன். "காலையில பொழச்சாலும் பொழைக்கும். பாத்துட்டுப் போங்கப்பா"ன்னேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

விடிஞ்சு எந்திரிச்சு வந்தா, அவர் ஏற்கனவே மீட்டர் முன்னால உக்காந்திருக்கார். சோதனைக் கரைசல்ல வச்சேன். ஏழரைக்குப் போச்சு, இறங்குச்சு, ஆடுச்சு, கடைசியில ஏழுல வந்து நின்னுச்சு.

"நின்னுட்டுட்டி"ன்னார், என்னமோ பேரப்பிள்ளை நடந்த மாதிரி. சாயங்காலம் பாத்தா சட்டையெல்லாம் பழைய இடத்துல தொங்குது.

அதுக்கப்புறம் மீட்டர் அவரோடது. காலையில மூடியில கரைசல் இருக்கான்னு பாப்பார். அதுக்கு அவர் வச்ச பேரு தீர்த்தம். குமிழைத் துடைக்காம மெல்லிசு காகிதத்துல ஒத்தி எடுப்பார். ஞாயித்துக்கிழமை சோதனைக் கரைசல்ல சரி பாப்பார். தண்ணி ஏழரையில நின்னா ஒத்துக்க மாட்டார். "சனியன் பிடிச்ச எண்ணு, இன்னும் ரெண்டு கரண்டி கேன் தண்ணி ஊத்து"ம்பார். நான் மீட்டரைத் தொட்டா, "கை கழுவுனியா?"ன்னு வேற கேப்பார்.

போன மாசம் ஆழ்வார்குறிச்சியில சொந்தக்காரங்க புது வீட்டுப் பால்காய்ப்பு. பத்து நாள் இருந்துட்டு வாரேன்னு பெரிய பையோட கிளம்பினார். நான் சிரிச்ச முகமாத்தான் பஸ் ஏத்தி விட்டேன். ஆனா ஊர்க்காத்து பட்டுட்டா அங்கனயே இருந்துருவாரோன்னு ராத்திரி பூராம் தூக்கம் இல்ல.

மறுநாள் சாயங்காலம் கேட் சத்தம். அப்பா. பையை நடைக்கதவுகிட்ட வச்சுட்டு நேரா அடுக்களைக்குப் போய் மீட்டர் மூடியைத் திறந்து பாத்தார்.

"கரைசல் ஊத்தி வச்சிருக்கேன்னு போன்லயே சொன்னேன்லாப்பா?"

"நீ ஊத்துன லட்சணத்தைப் பாக்கணும்லா."

"அது கிடக்கட்டும். அங்கன ஆத்துத் தண்ணி காப்பி எப்படி?"

மூடியையே பாத்துட்டு இருந்தார். "என்னமோ, சப்புன்னு இருந்துச்சு."

எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, கண்ணும் கலங்கிட்டு. பில்டர்ல பொடி போடுற சாக்குல திரும்பிக்கிட்டேன். "அடுத்த தடவை போகும்போது மீட்டரைக் கொண்டு போய் ஆத்துல முக்கிப் பாத்துருங்க. எப்பப் போறீங்க?"

"போவோம் போவோம். இப்ப என்ன அவசரம்?"ன்னு சொல்லிட்டு, மீட்டரை மூடி வச்சு, தன் டம்ளரை எடுத்து என் பக்கம் நீட்டினார்.