கை தூக்கியது நான்தான்

சாரம் பகுதியில் இயக்குநர் தணிகாசலத்தின் வீட்டில் சமையல் செய்யும் சரோஜா காலை ஏழு மணிக்குத் தொலைபேசியில் அழைத்தாள். அப்போது, மறுநாள் அவரிடம் சொல்ல வேண்டிய ஒன்றை எப்படிச் சொல்வது என்று தாளில் எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தேன். "மதாம், ஐயா எழுந்திருக்கல," என்றாள். எழுதிய தாளை மடித்து வைத்தேன். வேறு எதுவும் செய்யத் தோன்றவில்லை.

அவரை அறிந்த உங்களுக்கு அவருடைய படங்களைப் பட்டியலிட்டுக் காட்டத் தேவையில்லை. அவருக்கு மாலை போட்டவர்களும் இருக்கிறீர்கள், தியேட்டர் கண்ணாடியை உடைத்தவர்களும் இருக்கிறீர்கள். நான் அந்தப் படங்களுக்குப் பிரெஞ்சில் வசன வரிகள் எழுதியவள். திரையின் அடியில் இரண்டு வரிக்குத்தான் இடம். அவர் படத்து ஆட்களோ பத்து வரி பேசுவார்கள். வெட்டித்தான் ஆக வேண்டும். "சென்சாரு விட்டுவெச்சதயும் நீங்க வெட்டிடுறீங்களே மதாம்," என்பார்.

என் கணவர் இறந்த அன்று வந்தார். வாடகை நாற்காலிகளை வரிசையாகப் போட்டார். ஆறுதலாக ஒரு வார்த்தையும் சொல்லாமல் போய்விட்டார். அன்று நான் யார் முன்னிலையிலும் அழவில்லை. அழுதிருந்தாலும் அவர் பார்த்திருக்க மாட்டார் என்பதை அறிவேன்.

ஆனால் அவருடைய இரண்டாவது படத்தில் ஒரு சாவு வீடு வரும். அது நடிப்பல்ல. முத்தியால்பேட்டையில் ஒரு தையற்கடைக்காரர் இறந்தபோது எதிர்வீட்டு மாடியில் கேமராவை வைத்து எடுத்தது. அவர் மனைவி மெகருன்னிசா தலைத்துணி நழுவியதுகூடத் தெரியாமல் அழுதது அப்படியே திரையில் வந்தது. நீக்கச் சொல்லி அந்தக் குடும்பம் எவ்வளவோ கேட்டும் தணிகாசலம் நீக்கவில்லை. "கேட்டா மாட்டேன்னுதான் சொல்லுவாங்க. அதான் கேக்கல," என்றார். அந்தப் பேச்சைத்தான் ஊர் மறக்கவில்லை. அழுகைக்கு மொழிபெயர்ப்பு வேண்டாம் என்று நானும் அந்தக் காட்சியைக் கடந்து போனேன்.

போன மாதம் கிளேர் என்ற பிரெஞ்சுப் பெண் அவரைப் பற்றி ஆவணப்படம் எடுக்க வந்தாள். அவளுக்கும் கேமராக்காரருக்கும் தமிழ் தெரியாது. ஆகவே ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். அவர் ஒரு பதிலை முடித்ததும் நான் கை தூக்குவேன். கேமராவை நிறுத்துவார்கள். நான் பிரெஞ்சில் சொல்வேன்.

மூன்றாம் நாள் கிளேர் மெகருன்னிசாவைப் பற்றிக் கேட்டாள். அவர் வெகுநேரம் வாய் திறக்கவில்லை. பிறகு கண் கலங்கியது, மூக்கு ஒழுகியது. துடைத்துக்கொள்ள அவரிடம் ஒன்றுமில்லை. எண்பது வயது மனிதரை இந்தக் கோலத்தில் எவரும் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன். கை தூக்கினேன். கேமரா நின்றது. என் கைக்குட்டையை நீட்டினேன். அதை வாங்காமலே அவர் பேசினார்.

"அந்தம்மா அழுவுறத நான் எடுத்தது தப்பு. கேமராவ மூடியிருக்கணும். அவங்க இருக்கும்போதே நான் இத சொல்றத அவங்க பாக்கணும்."

என் பக்கம் திரும்பி, "எல்லாம் வந்துடுச்சா மதாம்?" என்றார்.

"வந்துடுச்சு சார்," என்றேன்.

அதை இன்னொரு முறை சொல்லச் சொல்லி அவரைக் கேட்க எனக்கு மனம் வரவில்லை. களைத்துவிட்டார் என்று கிளேரிடம் சொன்னேன். இரண்டு வாரம் கழித்து இன்னும் ஒரு நாள் படப்பிடிப்பு இருந்தது. கேமரா ஓடவில்லை என்ற உண்மையை அன்று அவரிடம் சொல்லிவிடலாம் என்று தள்ளிப்போட்டேன். அந்த நாளுக்காகத்தான் அந்தத் தாள்.

அடக்கம் முடிந்ததும் கிளேரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குரலாவது பதிவாகியிருக்குமா என்று கேட்டேன். இல்லை என்றாள். கேள்வியும் அதற்குப் பின் அவர் மௌனமும் படத்தில் இருக்குமாம். அந்த மௌனம் மிக வலிமையானதாம்.

முத்தியால்பேட்டைக்குப் போனேன். மெகருன்னிசா மகள் வீட்டில் இருக்கிறார். டீ கொடுத்து, நான் சொன்னதைக் கடைசிவரை கேட்டார்.

"நீங்க பொய் சொல்ற ஆளு இல்ல, பாத்தாலே தெரியுது," என்றார். "ஆனா நான் அழுததை ஊரே பாத்துச்சு. அவரு சொன்னத நீங்க ஒருத்தர்தானம்மா கேட்டிருக்கீங்க."



படம் திரையிடப்படும்போது உங்களில் யாரேனும் போவீர்கள். அந்த மௌனம் வரும் இடத்தில், அது அவருடைய பதிலல்ல என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள். அவருடையதாக என்னிடம் இருப்பவை அவர் வாங்காத ஒரு கைக்குட்டையும் மூன்று வாக்கியங்களும். அவற்றில் ஒரு சொல்லையும் நான் வெட்டவில்லை.