அண்ணன் போடாத மோதிரம்

முதலாம் ஆண்டு நினைவு மலருக்கு அண்ணனைப் பற்றி நாலு பக்கம் எழுதித் தரச் சொல்லி, அண்ணன் மகள், அதாவது என் மருமகள், போன வாரம் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தாள். "அத்தை, நல்லதா மட்டும் எழுதுங்க. அம்மாகூட சண்டை போட்டதெல்லாம் எழுதிராதீங்க" என்றாள். அண்ணனும் மதினியும் போட்ட சண்டையை விட்டுவிட்டு எழுதுவதென்றால், பிறந்த ஊரையும் படித்த படிப்பையும் சொல்லிவிட்டுப் பேனாவை மூடி வைக்க வேண்டியதுதான். மருமகளே, மன்னித்துக்கொள். இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களில் பாதிப் பேருக்கு அந்த மோதிரச் சண்டை ஏற்கெனவே தெரியும். மீதிப் பேரும் தெரிந்துகொள்ளட்டும்.

அண்ணன் கரிவலம்வந்தநல்லூரில் பிறந்தார். அவர் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோதே அப்பா காலமாகிவிட்டார். அம்மா இரண்டு மாட்டை வைத்துப் பால் ஊற்றி எங்கள் இருவரையும் ஆளாக்கினார். கல்லூரியில் அண்ணன் மண்ணியல் படித்தார். ஆசைப்பட்டுப் படித்தார் என்று எழுதத்தான் விருப்பம். உண்மையில் அந்த வகுப்பில்தான் இடம் காலியாக இருந்தது. லீவுக்கு வந்தவரைச் சித்தப்பா ஒருநாள் பிடித்துக்கொண்டார்.

"என்னல படிக்க?"

"மண்ணு, பாறை பத்திப் படிக்கேன் சித்தப்பா."

"அதுக்கு எதுக்குல காலேஜ்? நம்ம வயக்காட்டுல கெடக்கே அம்புட்டும்!"

அண்ணன் கோபப்படவில்லை. கோபப்படாததுதான் அவருடைய பெரிய குணம். கூட இருப்பவர்களுக்கு அதைவிட எரிச்சலூட்டும் குணம் உலகத்தில் கிடையாது.

படிப்பு முடிந்ததும் கனிமம் தேடும் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை கிடைத்தது. அந்த வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அரசாங்கம் ஓரிடத்தில் தேடிப் பார்க்க அனுமதி கொடுக்கும். அந்த நிலப்பரப்பு முழுக்கக் கட்டம் போட்ட சேலை மாதிரி குறுக்கும் நெடுக்கும் கோடு போடுவார்கள். கோடுகள் வெட்டிக்கொள்ளும் ஒவ்வொரு புள்ளியிலும் குழி தோண்டி, மண்ணைச் சலித்து, பையில் கட்டி, நம்பர் போட்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள். இருக்கிறது என்று பதில் வந்தால் மிஷின் கொண்டுவந்து ஆழமாகத் துளை போடுவார்கள். இல்லை என்று வந்தால் கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு அடுத்த ஊர். ஆந்திராவில் இல்லை என்று வந்தது. கர்நாடகத்தில் இல்லை. ஜார்க்கண்டில் யானை இருந்தது, தங்கம் இல்லை. ஊருக்கு வந்தால் டீக்கடையில் சும்மா விடுவார்களா? "என்ன அண்ணாச்சி, தாலிக்காவது தேறிச்சா?" என்பார்கள். "இல்லன்னு கண்டுபிடிக்கதும் கண்டுபிடிப்புதான் வே" என்று அண்ணன் டீயைக் குடிப்பார்.

இனி கல்யாணம். பெண் வீட்டார் வாசுதேவநல்லூர்க்காரர்கள். மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டதற்கு, எங்கள் தரகர் "ஊர் ஊரா மண் எடுக்கிற வேலை" என்று சொல்லியிருக்கிறார். அவர்கள் அதை லாரி லாரியாக மணல் அள்ளும் காண்டிராக்ட் என்று எடுத்துக்கொண்டார்கள். உடனே சம்மதம். மாப்பிள்ளைக்குப் போட்ட மோதிரம் அவ்வளவு கனமாக இருந்ததற்கு அதுதான் காரணம் என்று இன்றைக்கும் நான் நம்புகிறேன். உண்மை தெரிந்த பிறகு மதினியின் அப்பா மோதிரத்தை மட்டும் ஒரு பார்வை பார்த்தார்.

மறுவீடு முடிந்து வேலைக்குக் கிளம்பும் அன்று அண்ணன் அந்த மோதிரத்தைக் கழற்றி மதினி கையில் கொடுத்துவிட்டார். தங்கம் தேடுகிற மண்ணைத் தொடும் கையில் தங்கம் இருக்கக் கூடாது. அது அந்தத் தொழிலின் விதி. மோதிரம் உரசி ஒரு துகள் உதிர்ந்து பைக்குள் விழுந்தாலும் ஆய்வுக்கூடத்தில் காட்டிக்கொடுத்துவிடும். வெறும் நிலத்தில் தங்கம் இருக்கிறது என்று அறிக்கை வந்துவிடும். இதையெல்லாம் புது மனைவிக்கு விளக்கிச் சொன்னார். புது மனைவிக்கு விளங்கியது ஒன்றுதான்: எங்க அப்பா போட்ட மோதிரத்தக் கழத்திட்டாங்க.

மதினி அழுததைப் பார்த்து அண்ணன் ஒரு வாக்குக் கொடுத்தார். "ஒரே ஒரு எடத்துல தங்கம் அகப்படட்டும். அன்னைக்கே போட்டுக்கிடுதேன்."

அந்த வாக்குதான் வினை. சாதாரண மனிதர் என்றால் லீவில் வரும்போது போட்டுக்கொள்வார், கல்யாண வீட்டுக்குப் போட்டுக்கொள்வார். எங்கள் அண்ணனுக்குச் சொன்ன சொல் சொன்ன சொல்தான். ஒவ்வொரு விசேஷத்திலும் சொந்தக்காரர்களின் கண் முதலில் அவர் விரலுக்குப் போகும், பிறகு மதினி முகத்துக்கு வரும். "மோதிரம் அடகுக்குப் போயிட்டோ?" என்று ஒரு பெரியம்மா காது கேட்கவே கேட்டுவிட்டார். மதினி பந்தியில் உட்காராமலே திரும்பி வந்துவிட்டார். அந்தச் சொல் அவரை எவ்வளவு அரித்தது என்று எனக்குத் தெரியும். பீரோவைத் திறக்கும்போதெல்லாம் அந்தச் சிவப்பு டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் மூடுவார்.

அந்தப் பெரியம்மாவுக்குக் கடவுள் தனியாகத் தண்டனை கொடுத்தார். சங்கரன்கோவில் கோயிலில் புற்றுமண் பிரசாதம் வாங்கி வீட்டில் வைத்திருப்பதும், உடம்பில் அரிப்பு, தடிப்பு என்றால் பூசிக்கொள்வதும் நம் எல்லோருக்கும் வழக்கம். சங்கரன்கோவிலிலேயே குடியிருந்த அண்ணன் வீட்டில் புற்றுமண்ணும் இருக்கும், அவர் ஊர் ஊராகக் கொண்டுவந்த மண் பொட்டலங்களும் சாமி படத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும். பெரியம்மா ஒருநாள் வந்து, பொட்டலத்தை எடுத்து நெற்றியில் பூசி, கழுத்தில் பூசி, கொஞ்சம் வாயிலும் போட்டுக்கொண்டு போய்விட்டார். விஷயம் தெரிந்ததும் அண்ணன் மதினியிடம் பதறினார். "ஐயோ, அது ஜார்க்கண்டு சுரங்கத்துப் பக்கம் எடுத்த மண்ணுட்டி!" மறுவாரம் பெரியம்மா வந்து, கழுத்துப் படை சுத்தமாகப் போய்விட்டது, இன்னொரு பொட்டலம் வேண்டும் என்றார். மதினி கொடுத்துவிட்டார்.

அண்ணன் ஓய்வு பெறும் காலம் நெருங்கியபோது அந்த நிறுவனத்துக்கு இளையரசனேந்தல் பக்கம் தேடிப் பார்க்க அனுமதி கிடைத்தது. மானாவாரி பூமி; என்னைக் கட்டிக்கொடுத்த ஊரும் அதுதான். எங்கள் கரிசல் நிலமும் அந்தக் கட்டத்துக்குள் வந்தது. தங்கச்சி நிலத்தில் தானே மண் எடுத்தால் நாளைக்குப் பேச்சு வரும் என்று அண்ணன் ஒதுங்கிக்கொண்டு வேறு ஆட்களை அனுப்பினார். முடிவு வந்தது. சுற்றுவட்டாரம் முழுக்க ஒன்றும் இல்லை. எங்கள் நிலத்தில் ஒரே ஒரு புள்ளியில் மட்டும் தங்கம்!

அண்ணன் பைக்கை விரட்டிக்கொண்டு சங்கரன்கோவில் வீட்டுக்கு வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போய், "ஏட்டி, மோதிரத்த எடு" என்றார்.

மதினிக்கு முகம் வெளுத்துவிட்டது. "நெசமாவே அடகு வைக்கப் போறியளா?"

விஷயத்தைச் சொன்னதும் மதினி அழுதார், சிரித்தார், மோதிரத்துக்குக் குங்குமம் வைத்தார். விரல் பருத்துப்போயிருந்தது. சோப்புப் போட்டுத் திருகித் திருகி ஏற்றினார்கள். ஊர் பார்க்கட்டும் என்று இருவரும் ரதவீதி வழியே கோயிலுக்கு நடந்தார்கள். அன்றைக்கென்று பார்த்து மழை பிடித்துக்கொண்டது. வீதியில் ஒரு ஈ காக்காய் இல்லை. அண்ணன் குடைக்குள் கையை வைத்துக்கொண்டு போய்விட்டுக் குடைக்குள் கையை வைத்துக்கொண்டு திரும்பி வந்தார்.

மறுநாள் காலையில் எங்கள் நிலத்துக்கு வந்தார். என் கணவர் வெள்ளை வேட்டி கட்டித் தயாராக நின்றார். அவர் மனதுக்குள் அதற்குள் மாடி வீடு கட்டி முடித்துவிட்டார். அண்ணன் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மாப்ளே, தங்கம் இருக்கு. சரி. அதே எடத்துல வெள்ளியும் இருக்கு, செம்பு இருக்கு, ஈயம் இருக்கு. அடுத்த புள்ளியில ஒண்ணுமே இல்ல. இங்கன என்ன செஞ்சிய?"

"ஒண்ணும் செய்யலயே மச்சான். நீங்க ஜார்க்கண்டுல இருக்கும்போது மோட்டார் ரூம் கட்டலாம்னு பூமி பூஜை போட்டோம். போர்ல தண்ணி வரல. அப்படியே உழுது போட்டாச்சு."

"பூஜைல குழிக்குள்ள என்ன போட்டிய?"

"ஐம்பொன் பொட்டலம். கடையில வாங்குனதுல தங்கம் பேருக்குத்தான் இருக்கும்னு இவ, அறுந்த ஜிமிக்கில உள்ள தங்க முத்தையும் சேத்துப் போட்டா."

அண்ணன் மெதுவாக என் பக்கம் திரும்பினார். "ஏட்டி, கடைசில ஒன் ஜிமிக்கியையா நான் கண்டுபிடிச்சிருக்கேன்?"

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அண்ணன் கீழே குனியப் போனவர் நிறுத்திக்கொண்டார். கையில் மோதிரத்தோடு அந்த மண்ணைத் தொடக் கூடாதாம். டிராக்டரில் இருந்து எண்ணெய் எடுத்துத் தடவி அதைக் கழற்றினார். பிறகு மேலதிகாரிக்கு அவரே போன் போட்டார். "சார், அது தங்கந்தான். ஆனா எங்க தங்கச்சியோடது" என்றார். பேசாமல் இருந்திருந்தால் மிஷின் வந்து துளை போட்டுப் பார்க்கும்வரை ஊரில் ராஜாவாக நடந்திருக்கலாம். அப்படி இருக்க அவருக்குத் தெரியாது. என் கணவர் மட்டும், "அந்த முத்த லேப்ல திருப்பிக் கேக்க முடியுமா மச்சான்?" என்று கேட்டார்.

மோதிரம் சிவப்பு டப்பாவுக்குத் திரும்பியது. "ஒரு நாளாவது போட்டிய, சந்தோஷம். ஆனா ஒருத்தராவது பாத்தாங்களா?" என்று மதினி கேட்டார். ஓய்வு பெற்ற பிறகு, "இப்ப எந்த மண்ணத் தொடப் போறிய? போட்டுக்கிடுங்களேன்" என்று மதினி கெஞ்சிப் பார்த்தார். "தங்கம் இன்னும் அகப்படலையே" என்றார் மனிதர். அவரை அடித்தாலும் தகும் என்று எனக்கே தோன்றியது.

போன வருஷம் சிறுநீரகம் கெட்டுத் திருநெல்வேலியில் ஆஸ்பத்திரியில் கிடந்தார். எங்கள் வகையறாவில் அடக்கம் செய்வதுதான் வழக்கம். போகிறவர் உடம்பில் ஒரு பொட்டுத் தங்கம் வைத்து அனுப்புவதும் வழக்கம். அதை நினைத்துத்தான் ஒருநாள் மதினியைக் கூப்பிட்டார். நானும் கட்டில் பக்கத்தில் இருந்தேன்.

"என்னப் பொதைக்கிற எடத்துல ஒரு பொட்டுத் தங்கம் இருக்கக் கூடாது. எந்தக் காலத்துலயாவது எவனாவது வந்து மண்ணு எடுப்பான். இருக்குன்னு நெனச்சு ஏமாந்துருவான். பாவம்."

"அதுக்கு நான் எப்பத்தான் உங்களுக்கு அதப் போட்டுப் பாக்க?" என்று மதினி சண்டைக்குப் போனார். அண்ணன் சிரித்தார். அந்த வாரமே போய்விட்டார்.

அன்று வீடு நிறையக் கூட்டம். மதினி எழுந்து உள்ளே போனார், பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. மோதிரத்தைக் கொண்டுவந்து அண்ணன் விரலில் போட்டார். சோப்பு தேவைப்படவில்லை, விரல் அவ்வளவு மெலிந்திருந்தது. அந்தக் கையை எடுத்து நெஞ்சின் மேல் தெரியும்படி வைத்துவிட்டு, கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: "எல்லாரும் நல்லாப் பாத்துக்கிடுங்க. அடகுல இல்ல."

பெரியம்மாதான் முதலில் அழுதார். நானும் அப்போதுதான் உடைந்தேன்.

தூக்கும் நேரம் வந்ததும் மதினி மோதிரத்தைக் கழற்றினார். "கெடக்கட்டும் தாயி, கொண்டுட்டுப் போகட்டும்" என்றார் சித்தப்பா. "வேண்டாம் மாமா. பின்னால வாரவன் ஏமாந்துருவான்" என்றார் மதினி.

அண்ணனைக் கடைசிவரை கவனித்துக்கொண்ட மருத்துவருக்கும் செவிலியர்களுக்கும், செய்தி கேட்டு ரயிலேறி வந்து, அழுதுகொண்டே எங்கள் ஊர் மண்ணை எடுத்து முகர்ந்து பார்த்த அவருடைய கூட்டாளிகளுக்கும், பந்தல் போட்டது முதல் பந்தி பரிமாறியது வரை கூட நின்ற தெருக்காரர்களுக்கும், மழையையும் பாராமல் வந்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் கைகூப்பிய நன்றி. எல்லோருக்கும் மேலாக மதினிக்கு என் நன்றி. மோதிரம் இப்போது அவருடைய கட்டைவிரலில் இருக்கிறது. அண்ணன் படுத்திருக்கும் இடத்தில் எந்தக் காலத்தில் யார் வந்து மண் எடுத்துப் பார்த்தாலும் ஒன்றும் இருக்காது. அதற்கு மதினி பொறுப்பு.

— அன்புத் தங்கை