ஆறு மாத அவகாசம்

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதே முக்காலுக்கு அன்வர் போன் செய்தான். "சேட்டா, சேச்சி போயி" என்றான். நான் "எங்கே?" என்று கேட்டேன். பத்து மணிக்கு எங்களுக்கு ஒரு கூட்டம் இருந்தது. அதை விட்டுவிட்டு சுபத்ரா எங்கே போகிறார் என்று எனக்குக் கோபம்கூட வந்தது. "போட்டில் ஆயிருந்து. மட்டாஞ்சேரி ஜெட்டியில் எத்தியப்போ எல்லாரும் இறங்கி. சேச்சி மாத்ரம் இறங்கியில்லா" என்றான். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. படகில் தூங்கிப் போயிருப்பார், எழுப்பு என்று சொன்னேன்.

மாரடைப்பு என்றார்கள். நாற்பத்தாறு வயது. முந்தின நாள் மாலைதான் ஒரு ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தை வைத்துக்கொண்டு என்னிடம் முக்கால் மணி நேரம் சண்டை போட்டிருந்தார். அவர் மேசையில் பாதி குடித்த தண்ணீர் பாட்டில் அப்படியே நிற்கிறது. இதை எழுதும்போது 'இருந்தார்' என்று போட வேண்டிய இடத்திலெல்லாம் 'இருக்கிறார்' என்று போட்டுவிட்டு, அடித்துத் திருத்திக்கொண்டிருக்கிறேன்.

எங்களைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மட்டாஞ்சேரியில் ஒரு பழைய சுக்குக் கிடங்கின் மாடியில் நாங்கள் வீடியோ கேம் செய்கிறோம். நான் கம்ப்யூட்டர் கோடு எழுதுகிறேன், அன்வர் படம் வரைகிறான், ஜோர்ஜ் சார் முதல் போட்டவர். எந்த விளையாட்டை எந்தச் சந்தையில், எப்போது, என்ன விலைக்கு இறக்குவது என்பது சுபத்ராவின் வேலை. மூன்று தலைமுறையாகக் கொச்சியில் இருக்கும் தமிழ்க் குடும்பம் அவருடையது. வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். தமிழ் எழுத்தைக் காலண்டரைப் பார்த்துத் தானாகக் கற்றுக்கொண்டவர். நான் திருநெல்வேலிக்காரன். வந்து பன்னிரண்டு வருடம் ஆகியும் மலையாளம் வாசிக்கத் தெரியாத சோம்பேறி. எல்லோரும் அழைப்பதைப் பார்த்து நானும் அவரைச் சேச்சி, அதாவது அக்கா, என்றே அழைத்தேன். "மூணு மாசம் மூத்தவன் என்னைப் போயி சேச்சிங்கறான். வயசு கூட்டித் தர இப்படி ஒரு ஆளு" என்று சிரிப்பார்.

விளையாட்டை முதலில் டிவியில் மாட்டி ஆடும் கன்சோல் பெட்டிக்கு இறக்குவதா, சாதாரணக் கம்ப்யூட்டரான பிசிக்கு இறக்குவதா என்பது எங்கள் இருவருக்கும் ஓயாத சண்டை. எனக்குப் பிசிதான். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். காலையில் கண்ட பிழையை மத்தியானமே திருத்திவிடலாம். அவர் ஒத்துக்கொள்ள மாட்டார். ஒருநாள் போட்டிலேயே, வெலிங்டன் தீவைத் தாண்டும்போது, எனக்குப் பாடம் எடுத்தார்.

"குமரேசா, கன்சோல் இந்த போட்டு மாதிரியாக்கும். டிக்கெட் வேணும், நேரத்துக்கு வரணும், போட்டுக்காரன் சொல்ற எடத்துல உக்காரணும். ஆனா ஏறியாச்சுன்னா எல்லாரும் உன் மொகத்தப் பாப்பாங்க. பிசி தோப்பும்படி பாலம். எப்ப வேணும்னாலும் போலாம். நீ போனது யாருக்குத் தெரியும்?"

"பாலத்துல காசு வாங்க மாட்டாங்க சேச்சி."

"அதான் ஆயிரம் பேர் போறாங்க. நம்மள மாதிரி சின்ன ஆளுங்க மொதல்ல போட்டு ஏறணும். மொகம் தெரிஞ்சப்புறம் பாலத்துல நடக்கலாம், கேட்டோ."

அதுதான் அவருடைய உத்தி. விளையாட்டை முதலில் ஒரு கன்சோல் நிறுவனத்துக்கு மட்டும் கொடுப்பது. அவர்களுக்குத் தங்கள் கடையை நிரப்பச் சரக்கு தேவை. அதனால் முகப்பில் வைத்துக் காட்டுவார்கள், விலையும் இறங்காது. சில மாதம் கழித்து, பெயர் பரவிய பிறகு, பிசியில் இறக்கினால் அங்கே அது இன்னொரு திருவிழா. பிசியில் முதலில் இறக்கிவிட்டால் கன்சோல்காரன் பழைய சோற்றுக்கு எதற்குப் பந்தி போடுவான்?

எங்கள் முதல் பெரிய விளையாட்டின் பெயர் 'பண்டகசாலை'. படகு சாயாமல் மூட்டைகளை அடுக்க வேண்டும், அவ்வளவுதான். சுபத்ரா ஒரு வருடம் அலைந்து அதற்கு ஒரு கன்சோல் நிறுவனத்தைப் பிடித்தார். கையெழுத்தான அன்று அவர் வெளிநாட்டில் ஒரு சந்தைக்குப் புறப்பட வேண்டியிருந்தது. ஒப்பந்தத்தை எனக்கு மெயிலில் அனுப்பிவிட்டு, நான் மெயில் பார்க்க மாட்டேன் என்று தெரிந்து, என் கீபோர்டின் மேல் ஒரு சீட்டும் வைத்துப் போனார். எனக்காகக் கஷ்டப்பட்டுத் தமிழில் எழுதியது: "குமரேசா, கன்சோல்காரனுக்கு ஆறு மாசம் அவகாசம் குடுத்தாச்சு. கராறு மெயில்ல இருக்கு. வாசிச்சு நோக்கு."

கராறு என்றால் ஒப்பந்தம் என்று எனக்குத் தெரியும். அவகாசம் என்ற சொல்லில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. அது நம்முடைய சொல் அல்லவா? கன்சோல்காரர்கள் ஆறு மாதம் நேரம் கேட்டிருக்கிறார்கள், இவரும் கொடுத்துவிட்டார் என்று புரிந்துகொண்டேன். அவர்கள் மெதுவாக வரட்டும், நாம் ஏன் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும்? பிசிக்கான வேலை முடிந்துதான் இருந்தது. அன்று மத்தியானமே 'பண்டகசாலை'யைப் பிசி கடையில் இறக்கிவிட்டேன். அன்வருக்கு என் செலவில் சாயாவும் பழம்பொரியும் வாங்கிக் கொடுத்தேன்.

மலையாளத்தில் அவகாசம் என்றால் உரிமை. ஆறு மாதம் அவர்களுக்கு மட்டுமே உரிமை, வேறெங்கும் விற்கக் கூடாது என்று சுபத்ரா எழுதியிருந்தார். விமானத்தை விட்டு இறங்கி அவர் போனைத் திறந்தபோது கன்சோல் நிறுவனம் ஒப்பந்தத்திலிருந்து விலகிவிட்டிருந்தது. பிசியில் எங்கள் விளையாட்டு அவர் சொன்ன மாதிரியே பாலத்தில் நடந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஜோர்ஜ் சார் மாடிக்கு வந்து நின்றுகொண்டே கேட்டார். யார் செய்தது? நான் வாயைத் திறப்பதற்குள் சுபத்ரா, "என்றெ தெற்றாணு சார்" என்றார். தெற்று என்றால் தவறு. "கராறு ஞான் குமரேசனு அயச்சில்லா." ஒப்பந்தத்தை எனக்கு அனுப்பவே இல்லை என்று பொய் சொன்னார். அனுப்பிய மெயில் திறக்கப்படாமல் என் கம்ப்யூட்டரில் இருந்தது. நான் பேசவில்லை. ஜோர்ஜ் சார் அன்றே அவரிடமிருந்து கையெழுத்திடும் உரிமையை எடுத்தார். எடுத்து யாரிடம் கொடுத்தார் என்று நினைக்கிறீர்கள்? என்னிடம்.

அன்று படிக்கட்டில் வழிமறித்து, ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். "உன் பேர்ல விழுந்தா உன்னை அனுப்பிடுவாரு. கோடு யாரு எழுதுவா? ஆபீசே முழுகும். என் பேர்ல விழுந்தா நான் மட்டும் நனைவேன். சாரமில்லே, பரவாயில்ல" என்றார். பிறகு, "அடுத்த ஆட்டம் கரையேறட்டும். அப்புறம் நீயே சார்கிட்ட சொல்லு" என்றார்.

அடுத்த விளையாட்டு கரையேறியது. அதற்கடுத்ததும் ஏறியது. இரண்டையும் அவர் சொன்னபடி முதலில் போட்டில் ஏற்றி, பிறகு பாலத்தில் நடத்தினோம். ஏழு வருடம் எல்லா ஒப்பந்தங்களையும் அவர் பேசி முடித்தார், நான் கையெழுத்துப் போட்டேன். ஒவ்வொரு முறையும் கடைசிப் பக்கம் வரை உரக்க வாசிக்க வைத்த பிறகே பேனாவைத் தருவார். ஒவ்வொரு முறையும் இந்த மாதம் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். தைரியம் வரவில்லை. இதற்கு மேல் நல்ல காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

திங்கட்கிழமை சண்டையும் அதுதான். புதிய ஒப்பந்தத்தில் அவர் பெயரும் இருக்க வேண்டும் என்றேன். "மொதல்ல நீ சார்கிட்ட பற, உள்ளதச் சொல்லு. அப்புறம் என் பேரு தானா வரும்" என்றார். வெள்ளிக்கிழமை சார் வருவார், சத்தியமாகச் சொல்கிறேன் என்றேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சிரித்தார். "செரி. ஏழு வருஷம் அவகாசம் குடுத்தாச்சு. தமிழ் அவகாசமாக்கும், கேட்டோ." எனக்கு அவர் சொன்ன கடைசிச் சொற்கள் இவை.

திருப்பூணித்துறையில் அவர் வீட்டு முற்றத்தில், அவர் கணவர் ராமன் சேட்டன் பக்கத்தில் நின்று ஜோர்ஜ் சார் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நல்ல ஸ்த்ரீ ஆயிருந்து. ஆ ஒரு தெற்று மாத்ரம்." ராமன் சேட்டன் தலையைக் குனிந்துகொண்டார். நான் ஓரடி தள்ளி நின்றிருந்தேன். அங்கேயும் பேசவில்லை.

ஜோர்ஜ் சார், அந்தத் தவறு என்னுடையது. மெயில் வந்திருந்தது, நான் திறக்கவில்லை. தேதியோடு அது இன்னும் இருக்கிறது. அன்வர் இதை மலையாளத்தில் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறான். வெள்ளிக்கிழமை உங்கள் முன்னால், ராமன் சேட்டனையும் உட்கார வைத்து, கடைசிப் பக்கம் வரை வாசிக்கச் சொல்வேன். அதன் பிறகு பேனாவை என்னிடம் தருவதும் தராததும் உங்கள் விருப்பம்.

சுபத்ராவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தச் சீட்டு ஒன்றுதான். 'வா'வுக்குக் கால் தனியே விலகி நிற்கும் அந்தக் கையெழுத்தை நேற்றிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். மாசு இல்லாத பெயரோடு போவது மலையாளத்தில் அவருடைய அவகாசம். தமிழில் எனக்கு அவகாசம் இருந்தது, ஏழு வருடம்.