குடை விரிக்கும் இடம்

குன்றாண்டார்கோவிலுக்கு வடக்கே உள்ள ஊர்களில் அழகியைத் தெரியாத பெண்பிள்ளை கிடையாது. மாத்தூர் கண்ணுசாமியின் இளைய மகள். தங்கமுத்துவுக்கு வாக்கப்பட்டு வந்தவள். முளைப்பாரித் திருவிழாவில் கும்மி கொட்டும்போது முதல் குரல் எடுப்பது அவள்தான். மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். மழை பொய்த்த ஒரு வருசத்தில் அவளே கட்டிய பாட்டு ஒன்று உண்டு.

‘கிழக்கால இடி இடிக்க, என் ஆத்தா குடை விரிக்க…’

அந்தப் பாட்டு இந்த வருசம் வேறொரு குரலில் அவளுடைய போனுக்கே வந்து சேர்ந்தது. பாடியவள் நாத்தனார் செல்வராணி. தங்கமுத்துவுக்கு ஒரே தங்கை. கட்டுமாவடியில் இறால் வியாபாரம் பார்க்கிறவருக்குக் கட்டிக்கொடுத்தது. கல்யாணத்துக்கு முன்னால் அழகியின் பின்னால் நின்று கும்மி கொட்டியவள். அவள் வீட்டில் பாடியதை மகள் ரம்யா பதிவு செய்து, சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டாள். படம் இல்லை, வெறும் குரல்.

அதைக் கேட்டதிலிருந்து ஊரில் வேறு பேச்சில்லை. பக்கத்து வீட்டு மோகனப்ரியா நேராகவே வந்து கேட்டுவிட்டாள்.

“அத்தே, கோவிச்சுக்காதீங்க. பாட்டு ஒங்களுதுதான். ஆனா செல்வராணி சித்தி பாடுறப்பத்தான் ஒடம்பு சிலுக்குது. இந்தத் தடவ அவங்க மொதக் கொரல் எடுக்கட்டும்னு எல்லாரும் சொல்றாங்க.”

“எல்லாரும்னா யாருடி? நீயும் ஒன் கூட்டாளி சத்யாவுமா?”

“எங்க அம்மாவுந்தான்.”

அழகிக்குச் சுருக்கென்றது. இத்தனை வருசம் நின்ற இடம் போகப்போகிறது. ஆனாலும் அந்த வருத்தத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு இன்னொன்று மனசைக் குடைந்தது. அதே சொல், அதே மெட்டு. அப்படி என்னதான் செய்துவிட்டாள் இவள்?

மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போதும் களை பறிக்கும்போதும் போனைக் காதோரம் வைத்துக்கொண்டு கேட்டாள். ‘குடை’ என்றதும் செல்வராணியின் குரல் நின்றது. விருந்தாளி வாசலில் தயங்கி நிற்பதுபோல ஒரு நிற்பு. அப்புறம்தான் ‘விரிக்க’ வந்து விழுந்தது. அழகி பாடினால் குடை பட்டென்று விரிந்துவிடும். இவள் பாடினாலோ, விரிவதற்குள் கேட்கிறவர்கள் நனைந்துபோகிறார்கள். தானும் அப்படிப் பாடிப் பார்த்தாள். கை தன் போக்கில் தட்டிவிட்டது. தட்டினதும் சொல் குதித்துவிட்டது.

“காலையிலேருந்து கொடையும் கையுமா நிக்கிற. ஊருல ஒரு பொட்டு மழையக் காணோம்” என்றார் தங்கமுத்து.

“நீங்க சும்மா கெடங்க” என்று சொல்லிவிட்டு, அவளே செல்வராணிக்குப் போன் போட்டு, முதல் குரல் எடுக்க வரச்சொன்னாள். கண்ணால் பார்த்தாலாவது பிடிபடாதா என்று ஓர் ஆசை.

திருவிழா அன்று சாயங்காலம் கோயிலுக்கு முன்னால் முளைப்பாரிகளை நடுவில் இறக்கிவைத்து, பெண்கள் சுற்றி நின்றார்கள். செல்வராணி குரல் எடுத்தாள். கை தட்டினாள். பாட்டு கடகடவென்று ஓடியது. எங்கேயும் நிற்கவில்லை. அச்சு அசலாக அழகியின் பாட்டு!

“என்ன சித்தி, போன்ல பாடுன மாதிரி பாடுங்க” என்றாள் மோகனப்ரியா.

“அப்படித்தானே பாடுறேன்?” செல்வராணிக்கு முகம் வாடிப்போனது.

பங்காளி வீட்டு மூத்தவள் முத்துமாரியம்மாள் முடிவாகச் சொல்லிவிட்டாள். “எதுக்கு வம்பு? அழகி, நீயே கொரல் எடு ஆத்தா.”

போன இடம் தானாகத் திரும்பி வந்துவிட்டது. வாயைத் திறந்து பாட வேண்டியதுதான் பாக்கி. அழகி திறக்கவில்லை. செல்வராணியைக் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப்போனாள்.

“ஏத்தா, அன்னைக்கு என்ன செஞ்சுக்கிட்டு இருந்தப்ப பாடுன?”

“என்ன செய்வேன்? எறா உரிச்சுக்கிட்டு இருந்தேன்.”

“எப்படி உரிப்ப? செஞ்சு காட்டு.”

செல்வராணி வெறுங்கையைத் திருகிக் காட்டினாள். “தலையக் கிள்ளிட்டு ஓட்ட ஒரே இழுப்பா இழுக்கணும் அத்தாச்சி. சத முழுசா வரணும்ல? மூச்சப் புடிச்சுக்கிட்டுத்தான் இழுப்போம்.”

அழகி அப்படியே நின்றுவிட்டாள். நின்றது குரல் இல்லை, மூச்சு!

அம்மன் சந்நிதியில் இறாலுக்கு எங்கே போவது? வந்தவர்களுக்கு அவித்துக் கொடுக்க, பச்சைக் கடலை ஒரு கூடை இருந்தது. அதைத் தூக்கிவந்து செல்வராணியின் முன்னால் வைத்தாள்.

“உக்காரு. இத உரிச்சுக்கிட்டே பாடு.”

“அத்தாச்சி, ஊரு சிரிக்கும்.”

“சிரிச்சாச் சிரிக்கட்டும். எனக்கு அதக் கேக்கணும்.”

செல்வராணி கூச்சத்தோடு உட்கார்ந்து ஒரு கடலையை எடுத்தாள். நாலு பெண்கள் சிரிக்கத்தான் செய்தார்கள். ‘என் ஆத்தா குடை…’ விரல் ஓட்டை அழுத்தியது, மூச்சு நின்றது, கூட்டமும் நின்றது. ஓடு உடைந்தது. ‘…விரிக்க.’

மோகனப்ரியா குலவை போட்டே விட்டாள்.

அழகி போய் வட்டத்துக்குள் நுழைந்து, முத்துமாரியம்மாளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். அடுத்த சுற்றில் ‘குடை’ என்று பாட்டு நின்றதும் அவள் கை மட்டும் முந்திக்கொண்டு, தனியாகத் தட்டியது.

முத்துமாரியம்மாள் முழங்கையால் இடித்தாள். “எதுக்குடி அவசரம்? அவ பாடட்டும்.”