கிருஷ்ணகிரிக்கு முன்னால்

காரின் பின்னிருக்கையில் பட்டுப்புடவைக் கட்டுகளை அடுக்கி, அவற்றின்மேல் பழைய வேட்டி ஒன்றைப் போர்த்திக்கொண்டே என் தம்பி கேட்பான்: “இந்த வாட்டி டோல் எவ்ளோ ஆவும்ணா?”

காஞ்சிபுரத்திலிருந்து பெங்களூர்க் கடைகளுக்குப் புடவை கொண்டுபோவது அவன் தொழில். அவன் வழிச்செலவைக் கணக்கிடுவது, ஓய்வு பெற்றபின் நானாக எடுத்துக்கொண்ட வேலை. சென்னசமுத்திரம், பள்ளிகொண்டா, வாணியம்பாடி, கிருஷ்ணகிரி, அத்திப்பள்ளி என்று சுங்கச்சாவடி சுங்கச்சாவடியாகக் கூட்டுவேன். இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் திரும்பினால் வரும்போது பாதிக் கட்டணம்தான் என்பதால், அவன் எங்கே சாப்பிட வேண்டும், எவ்வளவு நேரம் தூங்கலாம் என்பதையும் நானே வகுத்துவிடுவேன். அவனுக்கு அதெல்லாம் வேடிக்கை.

கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டேக் என் கைப்பேசி எண்ணில் இருந்தது. ஒவ்வொரு சாவடியிலும் பணம் கழிந்ததும் எனக்குச் செய்தி வரும். அடுத்தது கொஞ்சம் தாமதமானாலும் கூப்பிட்டுவிடுவேன். எங்காவது டீ குடித்துக்கொண்டிருப்பான். “உனுக்கு என் மேல கவலையா, டோல் காசு மேல கவலையாண்ணா?” என்பான். காசு மேலதான் என்பேன். வேறு பதில் சொல்லி எங்களுக்குப் பழக்கமில்லை.

போன வருஷம் ஒரு நாள் வாணியம்பாடிச் செய்தி வந்தது. கிருஷ்ணகிரிச் செய்தி வரவில்லை. கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நாலாவது முறை எடுத்தவர் ஒரு லாரி ஓட்டுநர். “அண்ணான்னு போட்டிருந்திச்சிங்க, அதான் எடுத்தேன்” என்றார். நெஞ்சுவலி வந்திருக்கிறது. வண்டியை ஓரங்கட்டி, விளக்கைச் சிமிட்டவிட்டு, அதன் பிறகுதான் தம்பி சாய்ந்திருக்கிறான்.

அவன் உடலை ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள். காரை வேறொருவர் இரண்டு நாள் கழித்து ஓட்டிவந்தார். நேரம் கடந்துவிட்டதால் வாணியம்பாடியிலிருந்து எல்லாச் சாவடியிலும் முழுக் கட்டணம் கழிந்தது. வீடு நிறைய ஆட்கள் இருக்க, நான் அந்தச் செய்திகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டிருந்தேன்.

இந்த மாதம் தம்பி மகளுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. காஞ்சிபுரம் செவிலிமேட்டில் இருந்த தங்கள் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, தன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு அதே காரில் புறப்பட்டாள். டோல் எவ்வளவு ஆகும் என்று என்னைத்தான் கேட்டாள். கைப்பேசியில் தட்டினால் அவளுக்கே தெரிந்துவிடும். திரும்பி வருவதையும் சேர்த்துக் கூட்டட்டுமா என்றேன்.

“வேணாம் பெரிப்பா. போறதுக்கு மட்டும் போதும்.”

அப்படியானால் டேக்கை உன் எண்ணுக்கு மாற்றிவிடலாம் என்றேன். அவள் கார்ச் சாவியை விரலில் மாட்டிக்கொண்டாள்.

“நாங்க போய்ச் சேர்ற வரிக்கும் உங்க நம்பர்லயே இருக்கட்டும். அப்பா எப்பவும் சொல்லும், அண்ணன் கூடவே வந்துக்கினு இருக்காருன்னு.”

வாணியம்பாடிச் செய்தி வந்தபின் என்னால் உட்கார முடியவில்லை. ஓட்டுகிறவளைக் கூப்பிடக் கூடாது என்று கைப்பேசியை மேசைமேல் வைத்துவிட்டு நின்றேன். கிருஷ்ணகிரி வந்தது. வெகுநேரம் கழித்து அத்திப்பள்ளியும் வந்தது. கூட்டிப் பார்த்தேன், நான் சொன்ன தொகையில் ஒரு ரூபாய்கூடப் பிசகவில்லை.

மாலையில் எண்ணை மாற்றிக்கொண்டுவிட்டதாகச் சொன்னாள். நல்லது என்றேன். இனி அந்த வண்டி எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்பது எனக்குத் தெரியாது.