அறுபத்தெட்டைக் கழிக்கும் ரொங்குர்

மலைப்பாம்பைத் துண்டு மாதிரித் தோளில் போட்டுக்கொண்டு, எடைக் கருவியில் ஏறி நின்று, "தியூரம்மா, வந்து படி!" என்று ரொங்குர் மாணிக் போடுகிற சத்தம் சுமத்ரா தீவின் அடுத்த கரைக்கே கேட்கும். அடுத்த கரை என்றது கொஞ்சம் கூடுதல்தான். மேடான் நகரத்து ரயில் தண்டவாளத்துக்கு இந்தப் பக்கம் கேட்கும். ரயில் வராத நேரமென்றால் அந்தப் பக்கமும் கேட்கும்.

மனைவி லம்ரியா அடுப்பைத் தணித்துவிட்டு வந்து குனிவாள். பாம்பின் மடிப்பு மறைப்பதால் முள் தமக்குத் தெரிவதில்லை என்பது ரொங்குரின் கட்சி.

"எண்பது," என்பாள்.

"எண்பதுல அறுபத்தெட்டு போனா பன்னெண்டு. போன தடவை பதினொண்ணு! ஐயோ, எம் பொண்ணு வெடிச்சிருவா போலிருக்கே!"

அறுபத்தெட்டு என்பது ரொங்குரின் எடை. ஓட்டுநர் உரிமம் வாங்கப் போனபோது ஒரு மருத்துவர் எழுதிக் கொடுத்தது. அன்று அந்த மருத்துவருக்குத் தலை நிறைய முடி. இன்று அவர் தொப்பியில்லாமல் வெயிலில் நடப்பதில்லை. எண் மட்டும் மாறவில்லை.

"நீ ஒருநாள் தனியா ஏறிப் பாரேன், தியூரப்பா."

"நான் என்ன சந்தைப் பன்னியா, நிறுத்துப் பாக்க? மாணிக் குடும்பத்து ஆம்பளைக்கு எடை ஏறாது. எங்கப்பா சாகுற வரைக்கும் ஒரே காற்சட்டைதான் போட்டாரு."

"வேற இல்ல. போட்டாரு."

தியூர் அவர்களுடைய மகள். ஜகார்த்தாவில் வேலை பார்க்கிறாள். அவள் போனபிறகு வீட்டுக்கு வந்தவள்தான் இந்த மலைப்பாம்பு, நவுலி. படாக் மொழியில் அழகி என்று பொருள். செம்மண்ணில் வெல்லப்பாகு ஊற்றிய நிறம். நீளம் ஓர் ஆள் உயரம்தான், பருமன் ஆளின் தொடை. வால் மட்டும், செய்தவன் மறந்துபோய்க் கடைசியில் ஒட்டவைத்த மிளகாய் மாதிரி இருக்கும். மூன்று நாள் ஒரே இடத்தில் கிடப்பாள். நான்காம் நாள் முகத்தைத் திருப்பினால், "இன்னிக்கு ஒரே ஆட்டம்" என்று ரொங்குர் வீதிக்கே சொல்வார்.

ரொங்குரின் தொழில் பெச்சாக் ஓட்டுவது. மோட்டார் சைக்கிளோடு பக்கவாட்டில் கூரைபோட்ட இருக்கை பூட்டிய வண்டி. மீட்டர் கிடையாது, வாய்தான். சவாரி ஏறுகிறவர் கழுத்தைப் பார்த்தே, "டுரியான் பழம் ஒண்ணு கூடத் தின்னாதீங்க அக்கா, கொழுப்பு கழுத்துலதான் மொதல்ல தெரியும்" என்று ஆலோசனை சொல்லுவார். இரண்டு அக்காமார் பாதி வழியில் இறங்கிப் போயிருக்கிறார்கள்.

கொழுப்பின் மேல் அவருக்கு அத்தனை பயம். பயத்துக்குக் காரணம் உண்டு. தடித்த ஜாதி மலைப்பாம்புக்கு உடம்பு மெதுவாக எரிகிற அடுப்பு. கொடுத்ததையெல்லாம் வாங்கிக்கொள்ளும், போதும் என்று சொல்லத் தெரியாது. கூட்டாளி ஒருவர் தம் பாம்புக்கு அன்பு மிகுதியில் வாரம் தவறாமல் எலி கொடுத்தார். அந்தப் பாம்பு மடிப்பு மடிப்பாக மினுங்கியது, ஊரே மெச்சியது, ஒரு காலையில் எழுந்திருக்கவில்லை. புதைத்த இடத்தில் நின்று ரொங்குர் சபதம் எடுத்தார்: நவுலிக்கு அந்தச் சாவு வரக் கூடாது.

ஆகவே எலி மூன்று வாரத்துக்கு ஒன்று என்றாயிற்று. எடை ஏறியது. ஐந்து வாரத்துக்கு ஒன்று. இன்னும் ஏறியது. இரண்டு மாதத்துக்கு ஒன்று. ஏறியே தீருவேன் என்று ஏறியது.

"ஆளு இளைச்ச மாதிரித்தான இருக்கா?" என்பாள் லம்ரியா.

"அது உள்கொழுப்பு. வெளிய தெரியாது. தெரியாத கொழுப்புதான் ஆளைக் கொல்லும்."

எலி கொடுக்காமல் தள்ளிப்போட்ட நாளில் நவுலி பெட்டியின் வாயிலில் முகத்தை வைத்துக்கொண்டு காத்திருப்பாள். அந்தப் பார்வையை அவரால் தாங்க முடியாது. வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு சாப்பாட்டுக்கடைக்குப் போய்விடுவார். "பொண்ணு பட்டினி கெடக்கா. எனக்கு எப்படிச் சோறு எறங்கும்?" என்று கேட்பார். இறங்கும். இரத்தம் சேர்த்து வதக்கிய பன்றிக்கறி சக்சாங் ஒரு தட்டு, துக்கம் ஆறாமல் இன்னொரு தட்டு, இரண்டையும் வழியனுப்பி வைக்கக் கள். நவுலிக்கு விரதம் கூடக்கூட அவருக்குத் துக்கமும் கூடியது. தேவாலயப் பாடற்குழுச் சட்டையின் நடுப்பொத்தான் தெறித்தபோது, "இந்த ஊர் ஈரக்காத்துல துணி சுருங்குது" என்றார்.

ஞாயிறு காலையில் மெர்டேகா மைதானத்துச் சாலையில் வண்டிகள் ஓடாது, மனிதர்கள் ஓடுவார்கள். பாம்பு வளர்ப்பவர்கள் மரத்தடியில் கூடுவார்கள். அந்த ஞாயிறு ரொங்குர் நவுலியைப் பெச்சாக் இருக்கையில் துணி போர்த்தி உட்காரவைத்து, லம்ரியாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்தார். முகம் வாடியிருந்தது.

"இனிமே மூணு மாசத்துக்கு ஒண்ணுதான்," என்று கூட்டத்துக்கு அறிவித்தார். "பன்னெண்டு கிலோ ஆயிட்டா."

சந்தையில் கோழி வியாபாரம் முடித்து நேரே வந்திருந்த மைமுனா, தலைத்துணியை இறுக்கிக்கொண்டு, நவுலியின் முதுகில் உள்ளங்கையை வைத்து வாலை நோக்கி இழுத்தாள். அவளும் இதே ஜாதிப் பாம்பு வளர்க்கிறவள்.

"அண்ணே, முதுகு ரொட்டி மாதிரி உருண்டு வரணும். இவளுக்குக் கூரை முகடு மாதிரி எலும்பு நிக்குது. இதுவா பன்னெண்டு கிலோ?"

"உள்கொழுப்பு, மைமுனா. உனக்குத் தெரியாது."

"உள்கொழுப்பு யாருக்குன்னு தராசு சொல்லட்டும்." அவள் வண்டியிலிருந்து கோழி நிறுக்கிற கொக்கித் தராசை எடுத்து மரக்கிளையில் மாட்டினாள். நவுலியை அரிசிச் சாக்கில் இறக்கி, சாக்கின் வாயைச் சுருட்டித் தொங்கவிட்டாள். சாக்கு ஒருமுறை சுழன்று நின்றது.

"ஆறு."

"கோழிக்கடைத் தராசு! ஊருக்கே தெரியுமே உங்க தராசோட யோக்கியதை!"

"என் தராசு பொய் சொன்னா கூடுதலாச் சொல்லும் அண்ணே. கொறைச்சுச் சொன்னா நான் எப்படிப் பொழைக்கிறது?"

கூட்டம் சிரித்தது. ரொங்குர் சிரிக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. "எண்பதுல ஆறு போனா..."

அதற்கு மேல் கணக்கு நகரவில்லை. பின்னாலிருந்து பாடற்குழுக் கூட்டாளி ஒருவர் உச்சஸ்தாயியில் எடுத்துக் கொடுத்தார்: "எழுபத்திநாலு, மச்சான்!" மற்றவர்கள் கீழ்ஸ்தாயியில் சேர்ந்துகொண்டார்கள்.

ரொங்குர் மனைவி பக்கம் திரும்பினார். "நீதான படிச்சே?"

"எண்ணைப் படின்னே, படிச்சேன். யாரோடதுன்னு நீ கேட்டியா? தனியா ஏறு ஏறுன்னு தலையால அடிச்சுக்கிட்டேன். சந்தைப் பன்னியாங்கறே."

அவர் சாக்கை அவிழ்த்து நவுலியை வாரியெடுத்தார். "எம் பொண்ணு குண்டில்லடா! கேட்டீங்களா எல்லாரும்? குண்டே இல்ல!" என்று ஒரு சுற்று ஆடினார். ஓடிக்கொண்டிருந்தவர்கள் நின்று பார்த்தார்கள். பாதிச் சுற்றில் ஆட்டம் நின்றது. விரல் முகட்டெலும்பில் பட்டிருந்தது.

"பட்டினி போட்டுட்டேனே, மைமுனா. என் தொப்பைக்கு இவளைப் பட்டினி போட்டுட்டேனே."

"ஒண்ணும் கெட்டுப்போகலண்ணே. கண்ணு தெளிவா இருக்கு, வாயும் சுத்தமா இருக்கு. ரெண்டு நாள் தொந்தரவு பண்ணாம விடு. அப்புறம் சின்னதா ஒரு எலி. பாசத்துல பெரிசாக் கொடுத்துராத, கக்கிருவா. பழைய மாதிரி மூணு வாரத்துக்கு ஒண்ணுன்னு மெல்லக் கொண்டு வா. அடுத்த தடவை நிறுக்கணும்னா சாக்கு எடுத்துக்கிட்டு கடைக்கு வா. நீ அந்த மெஷின்ல ஏறாத, பாவம் அது."

வீட்டுக்குத் திரும்புகிற வழியில் வண்டி தானாகவே சாப்பாட்டுக்கடைப் பக்கம் திரும்பிற்று என்பார் ரொங்குர். துக்கத்துக்கு இரண்டு தட்டு என்றால் சந்தோஷத்துக்கு இரண்டு தட்டாவது வேண்டாமா? திங்களன்றும் அந்தச் சந்தோஷம் தீரவில்லை.

செவ்வாய் சாயங்காலம் நவுலிக்குச் சின்ன எலி. இடுக்கியின் நுனியில் அது ஆடியதுதான் தெரியும். சோம்பேறிகளின் அரசி மின்னல் மாதிரி வந்து வாங்கிக்கொண்டாள். கணவனும் மனைவியும் தரையில் உட்கார்ந்து, தேர் பார்ப்பது போலப் பார்த்தார்கள். தொண்டையில் அந்த மேடு மெல்ல மெல்ல நகர்ந்து உள்ளே போனது. ரொங்குரின் தொண்டையும் கூடவே ஏறி இறங்கிற்று.

"போயிருச்சு," என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு எழுந்தார். தொப்பியைக் கழற்றினார். இடுப்புவாரைக் கழற்றினார். பெச்சாக் சாவியை மேசைமேல் வைத்தார். எடைக் கருவியில் ஏறி, தோள் வெறுமையாக, நேராக நின்றார். நவுலியின் செரிமானம் கலையக் கூடாதென்று குரலைத் தாழ்த்தினார்.

"தியூரம்மா, வந்து படி. எழுபத்திநாலுதான? ஊரே பாட்டாப் பாடிருச்சே."

லம்ரியா வந்தாள். குனிந்தாள். முள் தெரியவில்லை. இடது கையால் அவருடைய வயிற்றை உள்ளே தள்ளிப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"எழுபத்தஞ்சு."