மடிக்கு இறங்கிய டிரம்பெட்

மில் மூடிய பிறகு என் அப்பா பேண்டு செட்டில் டிரம்பெட் ஊதப் போனார். கல்யாணத்துக்கும் போவார், சாவுக்கும் போவார். சாவுக்குப் போய்வரும் வாத்தியத்தை வீட்டுக்குள் ஊதக் கூடாது என்று எங்கள் ஆட்களிடம் ஒரு கட்டுப்பாடு. அது மாடிப்படிக்கு அடியிலேயே பையில் தொங்கும். பள்ளிக்கூடத்தில் என்னைச் 'சாவு மேளம்' என்றுதான் கூப்பிடுவார்கள். அவமானம் பிடுங்கித் தின்னும்.

மாடியில் குடியிருந்த டிராயிங் சார் அப்பாவைப் படம் வரைந்து தருவதாகச் சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சரிகை வைத்த யூனிஃபாரத்தில், கன்னம் உப்ப அப்பா ஊதுவதாகவே வரைந்துவிட்டார். பின்னால் எங்கள் ஃபிரிட்ஜ், அதன்மேல் பூப்போட்ட துணி. கச்சேரி வித்வான்களெல்லாம் தோற்றார்கள், போங்கள்! ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கச் சொல்லி வகுப்பில் ஒருத்தி விடாமல் அழைத்துவிட்டேன்.

படத்தை மாட்டிய அன்று, புருஷனை இழந்து எங்களோடு இருந்த அத்தை அதைப் பார்த்தாள். கத்தவில்லை. துணிமணியைக் கட்டைப்பையில் அடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"நான் தவளக்குப்பத்துக்கு, அவரு வூட்டுக்கே போறேண்ணா. வூட்டுக்குள்ள இது ஊதிக்கினே இருந்தா எனக்குச் சோறு எறங்காது."

"படம் எங்கனா சத்தம் போடுமா அத்தை?" என்று நான் சிரித்தேன். அப்பா என்னை முறைத்துவிட்டு, படத்தைக் கழற்றிக்கொண்டு மாடி ஏறினார். "வாயிலேர்ந்து எறக்கி மடியில வச்ச மாதிரி மாத்திடுங்க சார்" என்று அவர் கெஞ்சியது கீழே வரை கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை கூட்டமாக வந்துவிட்டார்கள். படத்தில் அப்பா வாயை மூடிக்கொண்டு, டிரம்பெட்டை மடியில் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

"இன்னாடி, உங்கப்பாவுக்கு ஊத வராதா?" என்றாள் ஒருத்தி.

"ஊதி ஊதி மூச்சு வாங்குது போல" என்றாள் இன்னொருத்தி.

மானம் போயிற்று. அம்மா கொடுத்த முறுக்கைக்கூட நான் தொடவில்லை. வீட்டுக்குள் ஊதினால் சாவு விழும் என்று அத்தை பயப்படுகிறாள், அந்த மூடநம்பிக்கைக்காக அப்பா தன் கௌரவத்தையே விட்டுவிட்டாரே என்று பொருமினேன். அத்தையோடு வெகுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இதற்கெல்லாம் முன்பு அத்தையின் புருஷனை எடுத்துக்கொண்டு போனபோது, வேறு யாரையும் ஊத விடாமல், பாடைக்கு முன்னால் ஊதிக்கொண்டு நடந்தவர் அப்பாதான். தெருமுனை வரை நானும் கூடவே ஓடினேன். அத்தை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்ததையும் பார்த்தேன். அந்தச் சத்தம் அவளுக்கு இன்னும் ஓயவில்லை என்பதுதான் எனக்கு அப்போது தெரியவில்லை.